தொடுதிரைக்கு வைத்த பொட்டு

ஜனக்புரி, அக்டோபர் 2004, சனிக்கிழமை

யாரும் நம்பமாட்டார்கள், ஆனாலும் சத்தியம் செய்து எழுதுகிறேன். தங்கை மகள் அபியின் பள்ளிக்கு இன்று குதுப்மினார் உயரத்தில் ஒரு தொடுதிரை வந்தது. விரலால் தள்ளினால் அதில் பூமி சுழலும், இரவும் பகலும் மாறும். "மாமா, நான்தான் பூமியைச் சுத்துவேன்" என்று ஒரு வாரமாக அபிக்கு இதே பேச்சு. ஆறு வயது.

புது மெஷின் என்று பூஜை போட்டார்கள். பள்ளிச் செயலாளர் ஒரு அண்டா சந்தனத்தைத் திரையின் நடுவில் அப்பிக் குங்குமமும் வைத்தார். யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாகத் திரை நினைத்தது. அபி தொட்டாள், பூமி அசையவில்லை.

"அரே, கெடுத்துட்டியே! பசங்க யாரும் கிட்ட வராதீங்க!" என்று செயலாளர் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"சார், அவ கெடுக்கல. அந்தச் சந்தனத்தைத் துடைங்க" என்றேன்.

"பொட்டை அழிக்கறதா? அபசகுனமா பேசாதீங்க ஜி."

திரையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். குழந்தைகள் விஞ்ஞானத்தைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு லட்டு வாங்கினார்கள். தூ!

குதுப்மினார் என் கைச்சரக்கு. அண்டாவும் அப்படித்தான். ஆனால் பஸ்ஸில் வீடு வரும்வரை அபி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே வந்தாள். அதில் மட்டும் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.