சித்தியை நான் பிடித்து நிறுத்திய காலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் உயிரோடு, நலமாக இருக்கிறோம். மீதியைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார், கேட்டால் பாட்டுப் பாடினேன் என்கிறார். சித்தி ஏன் போனுக்கு வருவதில்லை என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்டாய், நானும் தலைவலி, குளிக்கிறாள், கண் அசந்துவிட்டாள் என்று வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ பாதியைக் கேட்டுவிட்டு விமான டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவாய். அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நானும் சித்தியும் வேலை பார்க்கிற கிடங்கின் குளிர் அறைகளை உறைய வைப்பது அமோனியா என்று உனக்குத் தெரியும். குழாய்க்குள் இருக்கிற வரைக்கும் அது நமக்கு உழைக்கும், வெளியே வந்துவிட்டால் எமன். கண், மூக்கு, தொண்டை என்று உடம்பில் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொண்டு வெந்துபோக வைக்கும். ஈரத்தைத் தேடிப் போகிற குணம் இருப்பதால்தான் அதற்கு முதல் மருந்தும் தண்ணீராக இருக்கிறது. வாயு கசிந்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு அடிக்கடி ஒத்திகை வைப்பார்கள். மணி அடித்ததும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கூரைமேல் கட்டியிருக்கும் துணிப்பையைப் பார்த்து, வாயு போகும் திசைக்குக் குறுக்கே விலகி ஓட வேண்டும். பேக்கிங் பகுதியில் தலை எண்ணுகிற வேலை என்னுடையது. வெளியே வந்த ஒருவரையும் திரும்ப உள்ளே விடக் கூடாது என்பதும் என் பொறுப்பு. ஒத்திகையில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் நடப்பார்கள், வாத்து மேய்க்க வந்துட்டியா அக்கா என்று உன் சித்தியே என்னைக் கேலி செய்வாள்.

அங்கே கம்ப்ரசர் அறையைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டரைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாத மனிதர். சித்தப்பா இறந்து இத்தனை வருஷம் நம் வீட்டு முன்னறையில் வாய் திறக்காமல் காலத்தை ஓட்டிய உன் சித்தி, அவரோடு டீ குடிக்கும்போது மட்டும் வாய் ஓயாமல் பேசுவாள். எல்லாரும் ஃபிட்டர் சார் என்போம், இவள் மட்டும் உரிமையோடு ஃபிட்டரே என்று கூப்பிடுவாள். அப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். நானும் அவளே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்று காலை வேலை தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இயந்திரத்தின் ஆயில் கொஞ்சம் அமோனியாவோடு கலந்து போய்த் தொட்டியின் அடியில் தங்கும், அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, கூட நிற்க வேண்டியவர் அன்று வரவில்லை. நாளைக்குத் தள்ளியிருக்கலாம், ஃபிட்டர் தனியாகவே ஆரம்பித்துவிட்டார். ஆயில் அடைத்துக்கொண்டு வராததால் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறார், பனி படிந்த பாதுகாப்புக் கண்ணாடியை ஒரு நொடி நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அடைப்பு விட்டு, ஆயிலுக்குப் பின்னால் அமோனியா சீறி வந்துவிட்டது.

மணி அடித்தது, ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. துணிப்பை முன்வாசல் பக்கம் நீண்டு பறந்துகொண்டிருந்தது. ஒத்திகையில் எப்போதும் நடந்த வழக்கத்தில் பாதிப் பேர் அந்த வாசலுக்கே ஓடப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் வேண்டாம், லாரி நிற்கிற முற்றத்துக்கு வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தலைகளை எண்ணினேன், என் ஆட்கள் சரியாக இருந்தார்கள். அப்போதுதான் எலக்ட்ரீஷியன் வந்து, வெளியில் இருக்கிற பொத்தானை அமுக்கி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், ஆனால் ஃபிட்டர் வெளியே வரவில்லை என்றார். உன் சித்தி அதைக் கேட்டதும் செருப்பை உதறிவிட்டு நேராகக் கட்டடத்தைப் பார்த்து ஓடினாள்.

நான் ஓடிப் போய்ப் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கதவிடுக்கில் வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. விடுக்கா, விடுக்கா, அவரு உள்ள இருக்காரு என்று திமிறினாள், என் கையைக் கடித்தாள், நீயெல்லாம் ஒரு அக்காவா என்றாள். முகமூடி இல்லாம போனா உன்னைத் தூக்க இன்னும் ரெண்டு பேரு போகணும்டி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அது அவள் காதில் ஏறவே இல்லை. இருவரும் தரையில் விழுந்தோம், விழுந்தும் நான் விடவில்லை. ஃபிட்டரே, ஃபிட்டரே என்று அவள் கத்திய கத்தல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இந்த வயதில் நான் இப்படி ஒருவருக்காகக் கத்துவேனா என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது, பார்.

எலக்ட்ரீஷியனும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரும் முகமூடி மாட்டி, காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு சேர்ந்தே உள்ளே போனார்கள். தீயணைப்பு வண்டி வந்து புகையின் குறுக்கே தண்ணீரைத் திரைபோலப் பீய்ச்சியது, எதிர்த் தெருவில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஃபிட்டர் கம்ப்ரசர் அறைக்கு வெளியே நடைபாதையில் இருக்கும் அவசர ஷவரின் கீழே, சுவரைப் பிடித்தபடி நின்றிருந்திருக்கிறார். கண் தெரியாமலே தடவிப் போய்ச் சங்கிலியை இழுத்திருக்கிறார். வெளியே கொண்டுவந்த பிறகும் உடம்போடு ஒட்டியிருந்த சட்டையை, தோலும் சேர்ந்து உரிந்துவிடும் என்று யாரும் பிய்க்கவில்லை, தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் அது விட்டது. இமையைப் பிரித்துப் பிடித்துக் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள், ஆம்புலன்சிலும் நிறுத்தவில்லை.

தொண்டை வீங்கி, குழாய் வைத்து, ரொம்ப நாள் கண்டம். இப்போது பிழைத்துவிட்டார். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, குரல் கரகரவென்று ஆகிவிட்டது. உன் சித்தி காலையும் மாலையும் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். என்னோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீட்டில் என்னைத் தாண்டிப் போவாள், நான் வைத்த தட்டு அப்படியே இருக்கும். நீ செஞ்சது சரிதான் என்று அப்பா சொல்வார், மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் செத்திருந்தால் அதே சரியோடு நான் அவள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன், சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து, இன்னொரு கத்தியை எடுத்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வெங்காயத்தை உரித்துப் போட்டுவிட்டு, அவருக்கு நல்லா பேச வருது அக்கா என்றாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. அன்னைக்கு நான் கத்துனது அவருக்குக் கேட்டுதாம் என்றாள். அவர் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "உன் குரல் தூரத்துல கேட்டுது, நீ வெளியிலதான் இருக்கேன்னு தெரிஞ்சுது, அதான் தண்ணியை விட்டு நகரலை. கிட்டத்துல கேட்டிருந்தா உன்னைத் தேடி வந்திருப்பேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள், நான் அழுதேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, வெங்காயம் ரொம்பக் காரம் போல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் வீட்டுக்கு வந்ததும் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள், இதை உன்னிடம் அவளே சொல்ல வேண்டுமாம், நீ தெரியாத மாதிரிக் கேட்டுக்கொள். உன் ஆய்வுக்கூடத்தில் அவசர ஷவர் எங்கே இருக்கிறது என்று நாளைக்கே போய்ப் பார், முன்னால் பெட்டி கிட்டி அடுக்கியிருந்தால் சண்டை போட்டாவது எடுக்கச் சொல். கண்ணாடியை நெற்றியில் ஏற்றாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் வாழ வேண்டும், அதற்கு மேல் நாங்கள் கேட்பது ஒன்றுமில்லை. இந்த வாரம் போன் பண்ணு, சித்தி எடுப்பாள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா