வலி இல்லை என்கிறார்

1994 ஏப்ரல் 12, செவ்வாய்
மழை. நேற்றுப் போட்ட கோடுகள் கரைந்துவிட்டன. சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் மைதானம் முழுக்க. பிறகு சலவை: ஜேர்சி 18, காலுறை 35. ஒன்றைக் காணவில்லை.

ஹம்பேர்க்கின் ஓரத்தில் நாலாம் பிரிவு உதைபந்தாட்டக் கழகம். கோடு போடுவது, துணி துவைப்பது என் வேலை. தை மாதத்திலிருந்து மொழிபெயர்ப்பும். சும்மா, சம்பளம் இல்லாமல். பயிற்சியாளர் கிழக்கு ஜெர்மன்காரர். பள்ளியில் ரஷ்ய மொழி படித்தவர், ஆங்கிலம் இல்லை. டெக்லனுக்கு ஜெர்மன் இல்லை. நடுவில், மன்னாரில் கத்தோலிக்கப் பிரதர்மாரிடம் ஆங்கிலம் படித்த நான்.

டெக்லன்: அயர்லாந்து, வயது 33, முன்கள வீரன். டப்ளினில் ஒரு கழகம், இங்கிலாந்தில் நாலு, ஸ்கொட்லாந்தில் இரண்டு, பெல்ஜியம், ஒஸ்ரியா, டென்மார்க். இது பதினோராவது. எங்கிருந்து போனாலும் உடைமாற்றும் அறை அலுமாரிப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுத்ததில்லை. வளையத்தில் பழைய திறப்புகள் பத்து. நடக்கும்போது மாட்டு மணி மாதிரிச் சத்தம்.

ஏப்ரல் 14, வியாழன்
குளிர். பயிற்சி முடிந்து டெக்லன் படிக்கட்டில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினான். வலது முழங்கால் வீங்கிப் பளபளவென்று. ஐஸ் எடுக்கக் கழகத்துச் சமையலறைக்கு ஓடினேன். அங்கே கோப்பை கழுவும் சூசை அண்ணை:

“என்னடா, வெள்ளைக்காரனுக்கு நீ தாதியோ?”

“அண்ணை, ஐஸைத் தாங்கோ.”

“தாறன், தாறன். எனக்கு இடுப்பு நோகேக்க ஒருத்தனும் ஐஸ் கொண்டு வரேல்லை.”

உண்மை. ஐஸை வாங்கிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை கழக வைத்தியர் பார்க்கிறார். முழங்கால் தேறினால் இன்னும் ஒரு வருட ஒப்பந்தம். தேறாவிட்டால் உடனே வெளியே.

டெக்லன் கேட்டான்: “வலி இல்லையெண்டு சொல்லுவியா?”

“நீ சொல்லுறதைச் சொல்லுவன்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குத் தெரியாது. என் அகதி விசாரணையில் நான் இருபது நிமிடம் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இரண்டு வசனத்தில் முடித்தார். அப்போது எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் நீளம் தெரிந்தது. விண்ணப்பம் தள்ளுபடி. காரணம்: விபரம் போதாது. மேன்முறையீடு எங்கோ ஒரு மேசையில் கிடக்கிறது. அன்றைக்கு எனக்குள் சொல்லிக்கொண்டது: நான் யாருக்காவது மொழிபெயர்த்தால் ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், ஒரு சொல் விடவும் மாட்டேன்.

ஏப்ரல் 17, ஞாயிறு
வெயில். பூசைக்குப் போகவில்லை. 2–1 வெற்றி. டெக்லன் ஓடவே இல்லை, நின்றான். ஆனால் பந்து வரப்போகும் இடத்தில் நின்றான். ஒரே ஒரு தொடுகை, கோல். பதினைந்து வருடம் இதைத்தான் செய்திருப்பான் போல.

பீர்க் கோப்பையோடு ஒருவர் என்னிடம் கத்தினார்: “என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், பந்தை எடு!” ஆட்டம் முடிந்ததும் அதே ஆள் டெக்லனைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் வெளிநாட்டுக்காரர்தான். கோல் போட்டால் அது மறந்துபோகும். கோடு போட்டால் மறக்காது.

ஏப்ரல் 18, திங்கள்
வைத்தியர் முழங்காலை மடக்கினார். கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த டெக்லனின் விரல்கள் வெளிறிப்போயின.

“நோகுதா?”

“இல்லை.”

“வலி இல்லை என்கிறார்” என்றேன்.

மூன்று தடவை மடக்கினார். மூன்று தடவையும் அதே பதில். அதையே சொன்னேன்.

பிறகு வைத்தியர் என் பக்கம் திரும்பினார். “நீர்தானே இவரை ஒவ்வொரு நாளும் பாக்கிறீர். உமக்கு என்ன தெரியுது?”

இந்த நாட்டில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பொய் நாக்கு நுனியில். ஆனால் அறையில் பேசப்பட்டதை மொழிபெயர்க்கத்தானே வந்தேன். வைத்தியர் கேட்டதை அப்படியே டெக்லனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

டெக்லன் கூரையைப் பார்த்தான். சிரித்தான்.

“பத்து வைத்தியரை ஏமாத்தியாச்சு. உன்னை ஏலாது, என்ர பண்டேஜைத் துவைக்கிறவன் நீ. சொல்லு. எல்லாத்தையும் சொல்லு.”

சொன்னேன். ஐஸ். படிக்கட்டு. சப்பாத்துக் கழற்ற எடுக்கும் நேரம். வைத்தியர் எழுதினார், நீளமாக.

மாலை, சூசை அண்ணை: “உண்மை பேசி அவன்ர சோத்தில மண்ணைப் போட்டிட்டாய்.”

“அவன்தான் சொல்லச் சொன்னவன், அண்ணை.”

“சொல்லச் சொன்னா? உனக்கு விசர்.”

தட்டில் சோறு போட்டுத் தந்தார். சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 20, புதன்
மழை. பயிற்சியாளர் நாலு வசனம் சொன்னார். நன்றி. மரியாதை. வருத்தம். ஒப்பந்தம் இல்லை. நாலையும் சொன்னேன். டெக்லன் தலையாட்டினான், பஸ் வராது என்று கேள்விப்பட்டவன் மாதிரி.

வாசலில் பையோடு நின்றான். “சுவிஸில ஒரு கழகம் இருக்கு. கால் பாக்க மாட்டினமாம். ஒரு நாளைக்கு வாவன்.”

“ஹம்பேர்க்கைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்தினான். வளையத்திலிருந்து இந்தக் கழக அலுமாரியின் புதுத் திறப்பைக் கழற்றி என் கையில் வைத்தான்.

“குடுத்தாலும் சரி, வைச்சிருந்தாலும் சரி.”

ஏப்ரல் 21, வியாழன்
வெயில். ஜேர்சி 17. காணாமல் போன காலுறை டெக்லனின் அலுமாரிக்குள், பண்டேஜோடு சுருண்டு கிடந்தது. இரண்டையும் துவைத்தேன். அலுமாரியைப் பூட்டினேன்.

பயிற்சியாளர் கேட்டார்: “அவன் திறப்பைத் தந்தவனோ?”

திறப்பு என் களிசான் பொக்கெற்றில். தொடையில் குத்தியது.

“இல்லை” என்றேன். கோடு போடப் போனேன்.