பம்பளிமாஸும் அப்பாவின் மாத்திரையும்

அன்புள்ள வாண்டுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்கள் நலத்தை இந்த முறை கொஞ்சம் விரித்து எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல வழியில்லை, நீ கூப்பிட்டால் உன் அப்பா என் காதோடு காது ஒட்டிக்கொண்டு நிற்கிறார். பதறாமல் கடைசி வரை படி, முடிவு நல்ல முடிவுதான்.

முதலில் உன் வெற்றியைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் நீ ஒரு காய், ஒரு விதை என்று சொல்வதெல்லாம் உன் அப்பாவுக்கு வேதவாக்கு. ஆளி விதையை முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், பொடிக்க வேண்டும் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு மிக்ஸி சத்தத்தில்தான் விழிப்பு. நான் குப்பையில் போட்ட பூசணி விதையை எடுத்துக் கழுவி ஜன்னல் விளிம்பில் காயவைக்கிறார், வேலைக்குப் போகும்போது ஸ்பேனர் பையில் அதில் ஒரு டப்பா. நூல்கோலைக் கண்டால் முகத்தைத் திருப்பியவர், இப்போது காய்கறிக் கடையில் நின்று இலையை வெட்டிப் போடாதீங்க, சத்தே அதுலதான் இருக்கு என்று பாடம் நடத்துகிறார். இரண்டு நாள் வந்து தங்கிய உன் அத்தை இதைப் பார்த்துவிட்டு, பொண்டாட்டி இருபத்தஞ்சு வருஷம் கரடியா கத்தினா கேக்கலை, மக ஒரு வார்த்தை சொன்னா ஆடு மாதிரி தழையை மேயுறான் என் தம்பி என்றாள். நான் புள்ளியியல் நடத்துகிறவள், எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேட்காமல் எதையும் நம்ப வராது. ஆனால் நார்ச்சத்து வயிற்றை இலகுவாக்கும் என்பதற்கு எனக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படவில்லை, வீட்டில் இருப்பது ஒரே குளியலறை, இப்போதெல்லாம் கல்லூரிப் பேருந்தை நான் தவறவிடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ பம்பளிமாஸைப் புகழ்ந்தாய். பழத்தின் மேலும் குற்றமில்லை, உன் மேலும் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் மரத்தில் அது சீந்துவாரில்லாமல் தொங்குகிறது, உன் அப்பா அதைப் பறித்து வந்து, தடித் தோலையும் சவ்வையும் பொறுமையாக உரித்து, தினமும் காலையில் பெரிய டம்ளர் நிறையச் சாறு குடித்தார். சில நாளில் தலை லேசாகச் சுற்ற ஆரம்பித்ததை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் பழுது பார்க்க லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்றவர், கண் இருட்டி, கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாராம். கூட வேலை செய்பவர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். டாக்டர் எழுதிக் குடுக்காம அண்ணனை இனி மேல ஏத்த மாட்டேங்க்கா, என்னைத் திட்டினாலும் சரி என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். ஏற முடியாவிட்டால் உன் அப்பாவுக்கு வேலை ஏது. அன்று முழுக்க அவர் பூசணி விதையைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சாப்பாட்டில் புதிதாக என்ன என்று அவர் கேட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரிசையாக ஒப்பித்தார், ஒவ்வொன்றுக்கும் பின்னால் பொண்ணு சொன்னது என்று ஒரு வால். பம்பளிமாஸ் வந்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவர் போடும் ரத்த அழுத்த மாத்திரையோடு அந்தச் சாறு சேராதாம், மருந்து உடம்பில் தங்கி அளவுக்கு மேல் வேலை செய்துவிடுமாம். ஆமாம், மாத்திரைதான், போன வருஷத்திலிருந்து போடுகிறார். சொன்னா அவ அடுத்த ஃப்ளைட்ல ஏறிடுவா, நீ வாயைத் திறக்காதே என்று என்னைக் கட்டிப்போட்டிருந்தார். மாத்திரை இருப்பதே தெரியாத நீ, அதோடு எது சேரும், எது சேராது என்று எங்கே பார்த்திருக்கப் போகிறாய். சாற்றை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது. திங்கட்கிழமை டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே மேலே ஏறினாராம்.

ஆனால் போன ஞாயிறு நீ கேட்டபோது, தினமும் ஒரு டம்ளர்மா, தேவாமிர்தம் என்று கூசாமல் சொன்னாரே, அது பச்சைப் பொய். போனை வைத்ததும் ஏன் என்று கேட்டேன். புள்ள ஆசையா சொல்லுது, எனக்கு ஒத்துக்கலைன்னு தெரிஞ்சா பயந்துபோய் அப்புறம் எதுவுமே சொல்லாது என்றார். அதனால் அவரைத் திட்டாதே. மாத்திரையின் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இனி எதைச் சொல்வதானாலும் அதோடு சேருமா என்று மருந்து தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் சொல். சொல்வதை மட்டும் நிறுத்தாதே. இந்த ஞாயிறு கொய்யா என்று சொல்லேன், டாக்டரே சாப்பிடலாம் என்றுவிட்டார், தையல்காரர் வீட்டில் அந்த மரமும் இருக்கிறது.

நோய்நொடி இல்லாமல், மனம்போல வேலையும் நல்ல துணையுமாக நீ நீண்ட நாள் வாழ வேண்டும். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் ஒரு வாழைப்பழமாவது தின்றுவிட்டுப் போ. இன்னொன்று, எனக்கு எந்தப் பழம் நல்லது என்று நீ இதுவரை சொன்னதில்லை. நான் மாத்திரை எதுவும் போடுவதில்லை.

அன்புடன்,
அம்மா