நீலக் குளத்து மடை திறவாதிருக்க

ஏழ்மடை நாடு வாழ்க. பருவம் தவறாது மேகம் இறங்குக. உழுவோர் கையும் நெய்வோர் கையும் ஓயாதிருக்க, கோமகனார் நெடுமாக்கோ நெடுங்காலம் அரசு வீற்றிருக்க.

மேல்மடைக் கோட்டையில் அமர்ந்து மருதவெளியின் நிலங்களைக் காப்பவரும், பட்டினத்து நெசவுக் குடியில் பிறந்து தம் உழைப்பால் உயர்ந்தவரும், அழியாநிலங் கண்டார் என்னும் விருதை அரசவையில் பெற்றவருமான நிலத்தலைவர் சேந்தனாருக்கு, கோமகனாரின் முத்திரை மோதிரம் தாங்கி நாடு சுற்றிவரும் தலையமைச்சன் ஆதன் நக்கன் விடுக்கும் ஓலை. தங்களுக்கும் தங்கள் வீரர்க்கும் கோட்டைக்குள் வாழும் பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் நலமே விளைக.

நாளைக் கதிரவன் எழும்போது, செம்புக்குன்றில் கல் கழுவிய தண்ணீர் தேங்கும் நீலக் குளத்து மடையைத் திறந்து அந்தத் தண்ணீரை மருதவெளி முழுவதும் பாய்ச்சப் போவதாகத் தாங்கள் முரசறைவித்தீர்கள். வறண்ட வாய்க்காலில் இறங்கி அமர்ந்திருக்கும் கீழ்மடை ஊரார் அதற்குள் எழுந்து போகாவிடில், நேர்வதற்கெல்லாம் அவர்களே பொறுப்பு என்றும் தங்கள் முரசறைவோன் கூவிப் போனான். அவன் கூவியதை ஊரார் கேட்டார்கள், நானும் கேட்டேன்.

இதற்கு அரசாணை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அரசியார் மறைந்த நாள் முதல் கோமகனார் உண்ணும் சோறும் கேட்கும் இசையும் அவருக்குச் சுவையற்று ஒன்றாகவே இருந்து வந்தன. எதுவும் வாடாத, எதுவும் மட்காத ஒரு வெளி தம் நாட்டில் தோன்றியிருக்கிறது என்று தாங்கள் எழுதியபோது, அவர் நெடுநாளுக்குப் பிறகு சாளரத்தைத் திறக்கச் சொன்னார். சென்ற ஆண்டு அறுத்த வைக்கோலும் சென்ற ஆண்டு உதிர்ந்த புங்கிலையும் நிறம் மாறாமல் கூடையில் வந்தபோது அவையோர் கைதட்டினார்கள். அக்களிப்பில் பிறந்ததே, மருதவெளி முழுவதையும் அப்படி ஆக்குக என்னும் அந்த ஆணை. ஆணையைத் தடுக்க வேண்டிக் கோமகனாரிடம் குதிரையாளை அனுப்பிவிட்டேன். எத்தனை விரைந்தாலும் அவன் விடியலுக்குள் திரும்ப மாட்டான். ஆகவேதான் இவ்வோலை, இப்பொழுதே, தங்களுக்கு.

நடந்த பிழையைச் சொல்லுகிறேன். சினம் கொள்ளாது கேட்க வேண்டுகிறேன்.

நம் மேல்நாட்டில் ஒரு நிலத்தைக் குடிக்கு அளிக்குமுன் வெளுக்காத பருத்தித் துணி ஒன்றை அதில் புதைத்து, மழை ஓய்ந்தபின் தோண்டிப் பார்ப்பது வழக்கம். அதை மண்ணூட்டு என்பார்கள். துணி கந்தலாகி, நூல்நூலாகி, கையில் எடுக்கும்போதே உதிர்ந்தால் நிலம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். தாங்கள் பிறந்த பட்டினத்திலோ துணி தெய்வத்துக்கு நிகர். கிழிந்த துணியைப் பார்த்து ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டான். அக்கண்ணோடு இங்கு வந்த தாங்கள், நல்ல வயல்களிலிருந்து கந்தல் எழுவதைக் கண்டு மனம் நொந்தீர்கள். செம்புக்குன்றுக் கொட்டில்களில் கல்லிடித்துக் கழுவிய தண்ணீர் வழிந்து பாய்ந்த வயல்களிலிருந்து மட்டும் துணி புத்தம் புதிதாய் எழுந்தது. தாங்கள் அதற்கு மாலையிட்டீர்கள். அவ்வயல்களுக்கு அழியாநிலம் என்று பெயரும் இட்டீர்கள். இதில் வஞ்சம் ஏதும் இல்லை என்பதை நான் எந்த அவையிலும் சொல்வேன்.

அந்த நிலத்தை நான் நடந்து பார்த்தேன். பல ஊர்களிலிருந்து மக்கள் வந்து அந்த மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். வரப்போரம் இட்ட சாணம் இட்டபடியே காய்ந்து கிடக்கிறது. போன அறுவடையின் தாள்கட்டைகள் நேற்று அறுத்தவை போல் நிற்கின்றன. செத்த ஓணான் ஒன்று வரப்பில் கிடந்தது. அதை எறும்பும் தீண்டவில்லை. முதலில் எனக்கும் வியப்பாகவே இருந்தது. பிறகு அச்சம் வந்தது. பயிரைப் பார்த்தேன். நெல் முளைத்திருந்தது, மஞ்சளாய், குட்டையாய், பால் பிடிக்காமல் நின்றது. இட்ட எரு எருவாகவே கிடந்தால் பயிர் எதை உண்ணும்? அறுத்த தாள் தாளாகவே நின்றால் அடுத்த விதைக்கு எது உணவாகும்?

அத்தண்ணீர் கலக்கும் ஓடையையும் பார்த்தேன். முன்பெல்லாம் கல்லில் கால் வைத்தால் வழுக்கும். இப்போது அடியார்கள் அச்சமின்றிக் கடக்கிறார்கள் என்று தாங்கள் மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். மெய்தான், கற்கள் கழுவிய கிண்ணம்போல் இருக்கின்றன. அந்த வழுக்கலை நத்தை மேய்ந்தது, நத்தையை மீன் தின்றது, மீனைத் தேடிக் கொக்கு வந்தது. இன்று அங்கே தண்ணீர் ஓடும் ஓசை மட்டும் இருக்கிறது.

மண்ணிலும் கல்லிலும் இருந்து இவ்வேலையெல்லாம் செய்பவை யாவை என்று தாங்கள் கேட்கலாம். அவற்றை நான் கண்டதில்லை, எவரும் கண்டதில்லை. ஆனால் பாலைத் தயிராக்குபவற்றையும் எவரும் கண்டதில்லை, ஆயினும் நாள்தோறும் அதை நம்பியே உறை ஊற்றுகிறோம். என் சமையற்காரன் உறை ஊற்றிவைத்த இரு கலங்களில் ஒன்றில் நீலக் குளத்துத் தண்ணீரைச் சில துளி விடச் செய்தேன். மறுநாள் ஒரு கலத்தில் தயிர் இருந்தது. மற்றதில் பால் பாலாகவே இருந்தது. நல்ல கலம் ஒன்று போயிற்று என்று அவன் என்னைத் திட்டியதையும் இங்கே மறைக்கவில்லை. ஒரு கலத்தில் நிகழ்ந்தது ஒரு நாட்டில் நிகழாது என்று எவர் சொல்ல முடியும்? கண்ணுக்கெட்டாத அவ்வுயிர்கள் கோடானுகோடி. அவை நம் குடிகளே. வரியும் கேளாது வாழ்த்தும் கேளாது உழைக்கும் குடிகள். செம்பின் நஞ்சு அவற்றின்மேல் பாய்ந்தால் முரசறைந்து எச்சரிக்கவும் வழியில்லை. எழுந்து ஓடவும் அவற்றுக்குக் கால் இல்லை.

கீழ்மடையில் காரிநங்கை என்பவள் இருக்கிறாள். வாய்க்காலில் முதலில் இறங்கியவள் அவளே. எழுந்து வருமாறு நான் பணிவோடு கேட்டேன். அதற்கு அவள், விருந்துக்கு வந்தவன் சோற்றைத் தொடாமல் எழுந்து போனால் உங்கள் கோநகரில் அவன் கழுத்தில் மாலை போடுவீர்களா என்று கேட்டாள். துணியைப் பத்திரமாய் வைக்க ஆசையென்றால் உங்கள் நிலத்தலைவர் ஒரு பெட்டி செய்துகொள்ளட்டும், எங்கள் மண் வயிறு ஐயா, பெட்டி இல்லை என்றும் சொன்னாள். சுற்றியிருந்தோர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேலே இருக்கும் வயல்கள் செத்தபோது அங்கிருந்தவர்கள் கீழே வந்து எங்களோடு உண்டார்கள், எங்கள் வயலும் செத்தால் நாங்கள் இன்னும் கீழே போவதற்குக் கடல்தான் இருக்கிறது, அங்கே உழ முடியாது என்றாள்.  அதற்கு விடை தங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அழுகலின் நாற்றமே நோய்க்கெல்லாம் தாய், நாற்றமற்ற நாடு நோயற்ற நாடு என்று தாங்கள் முன்னர் என்னிடம் சொன்னதுண்டு. கோட்டைச் சுவருக்குள் குப்பைக் குழியருகே அது பொருந்தலாம். வயலில் அழுகுவது அடுத்த வேளைச் சோறு. அதை நிறுத்திவிட்டு நாம் காப்பாற்றப் போவது எதை? கோமகனாரின் துயரை ஆற்ற வேண்டும் என்பதில் நான் தங்களுக்குச் சற்றும் குறைந்தவனல்லேன். ஆனால் வாடாத ஒரு நாட்டை அவருக்குக் காட்டிவிட்டு, அடுத்த ஆண்டே பசித்த ஒரு நாட்டை அவரிடம் ஒப்படைக்க என்னால் ஆகாது.

ஆதலின் கோமகனாரின் பெயராலும், அவர் மறுமொழி வரும்வரை என் பொறுப்பிலும், கட்டளையிடுவதாவது:

நீலக் குளத்து மடைப்பலகையை எவரும் தொடற்க. அதன் மேல் இருக்கும் வீரர்கள் இவ்வோலை கண்டதும் கீழிறங்குக. செம்புக்குன்றுக் கொட்டில்களில் கல் கழுவுதல் இன்றோடு நிற்க. இனிக் கழுவுவதாயின் பாறையில் வெட்டிய குழிக்குள் கழுவி, அங்கேயே வெயிலில் வற்றவிடுக. அழியாநிலத்துக்கு வரும் மக்கள் அம்மண்ணைத் தங்கள் ஊர் வயல்களுக்கு எடுத்துச் செல்லாதிருக்கக் காவல் வைக்க. மாசுபடாத மேல்காட்டு மண்ணைக் கூடைகூடையாய்ச் சுமந்து வந்து அந்த வயல்களில் தூவிப் பார்க்க. அது பிழைக்குமா என்பதை நான் அறியேன், ஆயினும் தொடங்குக.

தாங்கள் இதை மீறி அரசாணையையே பற்றி நிற்கலாம். சட்டம் தங்களுக்கு இடம் தருகிறது. அதனால் இன்னும் ஒன்றை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பொழுது சாய்கிறது. ஊரார் தங்கள் போர்வைகளைக் கொண்டுவந்து விரிக்கிறார்கள். காரிநங்கை சற்று நகர்ந்து இடம் விட்டாள். பட்டு அழுக்காகும், பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

இவ்வோலை கீழ்மடை வாய்க்காலின் நடுவே, மடைக்கு நேர் எதிரே அமர்ந்து எழுதப்பட்டு, அரக்கிட்டு முத்திரை பதிக்கப்பட்டது. மறுமொழியை இவ்விடத்துக்கே அனுப்புக. விடிந்த பின்னும் இங்கேயே இருப்பேன்.

ஆதன் நக்கன்,
ஏழ்மடை நாட்டுத் தலையமைச்சன்.