அனுபவம் என்ற கட்டம்

1999 ஆவணி 20, வெள்ளி

போன மாதம் இங்கே ஸ்கந்தபுரத்தில் படம் எடுத்த ஜேர்மன்காரர்கள், அடுத்த படத்துக்கு படப்பிடிப்பு ஒழுங்குகளைப் பார்க்கும் லைன் புரொடியூசராக என்னை நேபாளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இதற்கு முன் எத்தனை பேருக்கு வாகனம், சாப்பாடு, தங்குமிடம் ஒழுங்குசெய்தீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

“மூண்டு வருசத்துக்கு முந்தி ஆமி வரேக்க கிளிநொச்சியிலயிருந்து எங்கட ஒழுங்கைச் சனத்தை முழுக்க இஞ்ச ஸ்கந்தபுரத்துக்குக் கொண்டுவந்தது ஆரப்பா? அதை எழுதுங்கோ,” என்றாள் மனைவி.

பதினொரு குடும்பம், ஒரே உழவு இயந்திரம். பின்னேரங்களில் எங்கள் சின்னத் தெரு முழுக்கக் கேட்கும் சங்கீத ரீச்சரின் ஆர்மோனியத்துக்கு இடமில்லை என்றேன். அவா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. மரத்தடியில் ஒரே பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினோம். எவ்வளவு சிரித்தோம்!

எல்லாம் எழுதினேன். வேலை முடிந்த திகதி என்ன என்பது அடுத்த கேள்வி.

ரீச்சர் இன்றைக்கும் கேட்டா: “எப்ப தம்பி எங்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போறீர்?”