கிளார்க் எழுதிய அப்பன்

6-1-2025
இன்று தேதியை நானே போட்டேன். எண்பத்து மூன்று வயதில் எழுத்து வந்துவிட்டது. நாற்பது வருஷம் சாயப்பட்டறையில் நூலை முக்கி எடுத்த கை. ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

8-1-2025
மார்ச்சில் பரீட்சையாம். சாயங்கால வகுப்பு சுபஸ்ரீ டீச்சர் விண்ணப்பத்தை எழுதிப் பழகச் சொன்னார். பெயர்: சின்னான். தாய்: தெய்வாத்தாள். தந்தை: முருகன்.
நான் வயிற்றில் இருக்கும்போதே மலாயாவுக்குக் கப்பல் ஏறி, அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு திரும்பாத ஆள். ஊரே சொன்னது. அவனுக்கு என் கையால் நாலு எழுத்து தண்டம்.

12-1-2025
பஜ்ஜி சுற்றிய பேப்பரையும் விடுவதில்லை. மருமகள் நிர்மலா, படிச்சது போதும் மாமா, தின்னுங்க என்கிறாள்.

19-1-2025
எண்ணெய்ப் பேப்பரில் ஒரு பட்டியல். ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் மலாயாவில் நிலக்கரிச் சுரங்கம் சரிந்து செத்தவர்களுக்குக் கல் நடுகிறார்களாம். சொந்தக்காரர்கள் பேசுவதற்கு ஒரு நம்பர். ஒன்பதாவது ஆள்: மயிலான், மனைவி தெய்வாத்தாள், குன்னத்தூர்.
அம்மா பெயரை நூறு தடவை எழுதிப் பழகியவன் நான். எண்ணெய்க்குள்ளும் தெரிந்துவிட்டது. ஊரும் எங்கள் ஊர்.
குன்னத்தூரில் வீதிக்கு நாலு தெய்வாத்தாள் இருந்திருப்பாங்க, உங்க அப்பா முருகன்தானுங்களே என்றாள் நிர்மலா. சரிதான். நம்ம ஆளாவது, கரி வெட்டுவதாவது.
பேப்பரை எறியவில்லை. ஏன் எறியவில்லை?

26-1-2025
சோமனூர் போனேன். அப்பனின் தங்கச்சி வேலாத்தாள் அத்தைக்குத் தொண்ணூற்று நாலு. காது போச்சு, வாய் போகவில்லை. உங்க அண்ணன் பேர் என்னங்கத்தை என்று கத்தினேன். தறி ஓட்டுகிறவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.
“மயிலான்.”
அப்ப முருகன் யாருங்க?
அத்தை சிரித்துச் சிரித்து இருமியது. ரேஷன் கார்டுக்கு எழுத வந்த கிளார்க் புருஷன் பெயரைக் கேட்டானாம். அம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லுமா? சுவரில் இருந்த காலண்டரைக் கை காட்டியதாம். அம்மா காட்டியது மயிலை. கிளார்க் பார்த்தது மேலே உட்கார்ந்திருந்தவரை. அரிசி வந்தாப் போதும்னு உட்டுட்டோம் என்றது அத்தை.
“இத்தனை வருஷத்தில ஒரு வார்த்தை சொல்லலீங்களே.”
“எங்க கண்ணு சொல்றது? அண்ணன்னு நான் வாயெடுத்தா நீ எந்திரிச்சுப் போயிருவ.”
ஆமா. போயிருவேன்.

2-2-2025
நம்பரில் பேசியவர் அருள்செல்வன். அவருடைய தாத்தா அந்தச் சுரங்கத்தில் உயிர் தப்பியவர்; தாத்தா சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ரப்பர் தோட்டத்து ஆட்களை ஜப்பான்காரன் பிடித்துக் குழிக்குள் இறக்கினானாம். 1944இல் சரிந்தது. மயிலான் என்ற ஆள், ஊர்ல எனக்கு ஒண்ணு பொறந்திருக்கும், பையனோ புள்ளையோ தெரியலையே என்று தினமும் சொல்லிச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவர்கள் உயிரை எடுப்பாராம்.
அங்கே பொம்பளை யாராவது என்று கேட்டேன். இல்லையாம்.
மறுபடியும் கேட்டேன். இல்லையாம்.

3-2-2025
எழுதவில்லை. எழுத்து மறக்கவில்லை.

10-2-2025
விண்ணப்பம் கொடுத்தேன். தந்தை: மயிலான். இதுவும் நாலு எழுத்துதான். ஆதாரில முருகன்னு இருக்குதுங்களே, ஒத்துப்போகலீன்னா சர்டிபிகேட் வராதுங்க தாத்தா என்றார் டீச்சர். அதை முருகனுக்கே அனுப்பிருங்க கண்ணு என்றேன்.
கல்லில் அவர் பெயருக்குக் கீழே என்ன வெட்டுவது என்று அருள்செல்வன் கேட்டிருந்தார். காலையிலிருந்து உட்கார்ந்து எழுதினேன். ரெண்டு டீ ஆறிப்போச்சு.
பொறந்தது பையன் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.