அக்கா தேர்ந்தெடுத்த கார்

அக்கா,

நேற்று மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. டிரைவர் மாணிக்கம் காரின் பின்சீட்டைக் கழற்றி முற்றத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான். ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். தோல் காயும் வாடை சன்னல் வழியாக உள்ளே வந்தது. சட்டிக்குள் விட்ட கையை எடுக்கவும் மறந்து நின்றுவிட்டேன். உங்கள் மடியில் தலைவைத்து அந்தச் சீட்டில் நான் கிடந்த நாள் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஊருக்குப் போடும் கடிதங்களை எல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். ஓரகத்திகள் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து என்ன எழுதுகிறோம் என்று வீட்டு ஆண்கள் எட்டிப் பார்ப்பார்கள். உங்களுக்கென்று ஒரு கடிதம் எழுத வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. இன்று வந்திருக்கிறது. உயிரோடு இருந்தபோது நீங்கள் நம்ப மறுத்த ஒன்றை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

கார் வாங்கும் பேச்சு வீட்டில் எழுந்தபோது நான் கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதுளைக் கடைத்தெருவில் நம் துணிக்கடை, ஹல்துமுல்லையில் இன்னொரு சின்னக் கடை. உங்கள் வீட்டுக்காரர் பெரியவரும் என் வீட்டுக்காரரும், அண்ணன் தம்பி இருவரும், மாறி மாறி இரண்டையும் பார்த்துக்கொண்டார்கள். ரயில் பதுளைக்கு வந்த பிறகும் ஹல்துமுல்லைக்கு மாட்டுவண்டியை விட்டால் வழியில்லை. அதனால்தான் கார். எந்தக் கார் என்பதில்தான் தகராறு.

கொழும்புக் கம்பெனி ஆள் ஒரு புதுக் காரோடு வந்து இறங்கினார். பச்சை நிறம், மேலே மடக்கிவைக்கும் கித்தான் கூரை. அதன் விளக்குகளில் முகம் பார்க்கலாம். பெரியவருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு வேறு யோசனை. கொஸ்லந்தப் பக்கத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்கே திரும்பிப் போவதால் தன் காரை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அதையும் அன்றைக்கே வரவழைத்திருந்தார். அதை ஓட்டிவந்தவன்தான் மாணிக்கம். கறுப்பு நிறம், நாலு பக்கமும் கண்ணாடி வைத்து வீடுபோல மூடிய கார். ஒரு மட்கார்டு நசுங்கியிருந்தது. கதவை இரண்டு தரம் இழுத்தால்தான் சாத்திக்கொள்ளும்.

இன்னொருவன் ஓட்டித் தேய்த்ததைக் கொண்டுவந்து கடைவாசலில் நிறுத்தினால் கடைத்தெரு என்ன பேசும் என்று பெரியவர் கேட்டார். புதிதின் விலையில் பாதிகூட இல்லையே என்று தம்பி சொன்னார். கம்பெனி ஆள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். நாம் உள்ளே திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நீங்கள் திடீரென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரையை விலக்கினீர்கள். அதுவரை கடையின் முன்வாசல் வழியாக நீங்கள் வெளியே போய் நான் பார்த்ததே இல்லை. மாணிக்கத்திடம் பின்கதவைத் திறக்கச் சொன்னீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

“இங்க வா புள்ள. உள்ள ஏறிப் படு.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு மறுபேச்சுப் பேசத் தோன்றவில்லை. ஏறிப் படுத்தேன். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும், தாராளமாகப் படுக்கலாம். கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றச் சொன்னீர்கள். வாளித் தண்ணீர் கொண்டுவந்து கூரைமேல் ஊற்றச் சொன்னீர்கள். என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் தண்ணீர் கோடுகோடாக இறங்கியது. கதவைத் திறந்து நீங்கள் என் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சீட்டைத் தடவிப் பார்த்தீர்கள். ஒரு சொட்டு இல்லை.

புதுக் காரின் பக்கம் போனீர்கள். கம்பெனி ஆள் கூரையை இழுத்து மாட்டி, பக்கத்துத் திரைகளுக்குப் பொத்தான் போட்டு முடிக்க நேரம் எடுத்தது. அதன்மேலும் ஒரு வாளி ஊற்றினார்கள். ஓரமெல்லாம் ஒழுகியது. ஓடும்போது இப்படி ஒழுகாது என்று அவர் சிரித்தபடி சொன்னார். நீங்கள் சிரிக்கவில்லை.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன செய்ற நீ? யாரை இதுல படுக்கவெச்சுக் கொண்டுபோகப் போற?”

அப்போதுதான் சொன்னீர்கள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“ஹல்துமுல்லையிலிருந்து நம்ம புள்ளையக் காய்ச்சலோட கொண்டாந்தப்ப வண்டிக் கூடாரம் ஒழுகிச்சு. என் சேலையை அவன் மேல சுத்தினேன். அதுவும் நனைஞ்ச சேலை. காலை நீட்டணும்மான்னு கேட்டான். எடம் இல்ல. குளிருது குளிருதுன்னு சொல்லிக்கிட்டே வந்தவன் பண்டாரவளைக்கு முந்தியே பேச்சை விட்டுட்டான்.”

உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்து இறந்தது என்று மட்டும்தான் எனக்கு அதுவரை தெரியும். எப்படி என்று தெரியாது. பெரியவருக்கும் தெரியாது என்பதை அன்று அவர் முகத்தில் பார்த்தேன். சரக்கு வந்திருந்ததால் அந்தப் பயணத்தில் அவர் உங்களோடு வரவில்லை.

“இத்தனை வருஷமா நீ இதைச் சொல்லவே இல்லையே” என்றார்.

“நீங்க கேக்கலியே” என்றீர்கள்.

பெரியவர் கம்பெனி ஆளுக்குக் காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். மாணிக்கத்திடம் வண்டியில் என்ன குறை என்று கேட்டார். அவன் ஒளிக்கவில்லை. “ஏத்தத்துல சூடாகுங்க. அங்கங்க நிறுத்தித் தண்ணி ஊத்தணும். மத்தபடி ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.” நீங்களும் அதைக் கேட்டீர்கள். கேட்டுவிட்டுத்தான், பரவாயில்லை, இதுவே இருக்கட்டும் என்றீர்கள்.

அந்தக் கார் வந்த முதல் வருடம் நம் வீட்டுக்கே ஒரு தெளிச்சல் வந்திருந்தது. தைப்பூசத்துக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு நாமிருவரும் பின்சீட்டில் போனோம். கண்ணாடியை இறக்கிவிட்டு, தெரிந்த கடைக்காரர்களின் பெண்டுகளைப் பார்த்து நீங்கள் தலையசைத்தீர்கள். மொனராகலைப் பக்கம் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது வெக்கை தாங்காமல் காரை மரநிழலில் நிறுத்தி, கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அன்று நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது.

அடுத்த ஐப்பசியில் எனக்குப் பேறுகாலம். ஹல்துமுல்லைக் கடை என் வீட்டுக்காரர் பொறுப்பில் இருந்ததால் நாங்கள் அங்கே குடியிருந்தோம். துணைக்கு இருக்கவென்று நீங்கள் காரில் வந்திருந்தீர்கள். வலி எடுத்து ஒரு பகல் கழிந்தும் பிள்ளை இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மருத்துவச்சி என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, குறுக்கே கிடக்கிறது, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றாள். வெளியே அடைமழை. என் வீட்டுக்காரர் முன்சீட்டில் ஏறினார். நீங்கள் பின்னால் ஏறி என் தலையை மடியில் வாங்கிக்கொண்டீர்கள். நான் காலை நீட்டிப் படுத்தேன்.

அப்புத்தளை ஏற்றத்தில் கார் முனகத் தொடங்கியது. ஒரு வளைவில் முன்பக்கமிருந்து புகைபோல ஆவி எழுந்தது. கார் நின்றுவிட்டது. உடனே மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஆறினால்தான் தண்ணீர் ஊற்றலாம் என்று மாணிக்கம் சொன்னான். தகர டப்பாவை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் தண்ணீர் பிடிக்க ஓடினான். என் வீட்டுக்காரர் மழையில் இறங்கி நின்றார். உள்ளே நாம் இருவர்தான். கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மேல் உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் காதுக்குக் கேட்டது. கண்ணாடி விளிம்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தீர்கள். உள்ளே எல்லாம் காய்ந்துதான் இருந்தது.

“புதுசா இருந்தா நின்னிருக்காதோ” என்றீர்கள்.

என்னைக் கேட்கவில்லை.

கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சிலர், தலையில் கம்பளியோடு, காருக்குள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கூடைகளை இறக்கிவைத்தார்கள். தண்ணீர் ஊற்றியும் அந்த வளைவில் கார் இழுக்க மறுத்தபோது அவர்கள்தான் தள்ளிவிட்டார்கள்.

ஆண்பிள்ளை. மூச்சில்லாமல் பிறந்தான். எனக்கும் காய்ச்சல் வந்து, பிழைப்பேனா என்று பல நாள் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தார்கள். கட்டிலருகே நீங்கள் உட்கார்ந்தே இருந்தீர்கள். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அக்கா, இதைத்தான் நான் திரும்பத் திரும்ப உங்களிடம் சொன்னேன். பிள்ளை வயிற்றுக்குள் இறந்து ஒருநாளாவது ஆகியிருக்கும் என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். பக்கத்தில் படுத்திருந்த நானும் கேட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். வலி எடுத்த அன்று காலையிலிருந்தே வயிற்றில் அசைவில்லை. வலி வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாம் காரில் ஏறும்போதே அவன் இல்லை. கார் நின்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் ஒவ்வொரு முறையும் என் தலையைத் தடவி, “என் மனசு ஆறணும்னு சொல்ற” என்று எழுந்து போய்விட்டீர்கள்.

அதன்பிறகு நீங்கள் அந்தக் காரில் ஏறவே இல்லை. ஹல்துமுல்லைக்குப் போவதென்றால் அப்புத்தளை வரை ரயில், அங்கிருந்து மாட்டுவண்டி. கோயிலுக்கு நடை. பெரியவர் உங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நீங்கள் தெருவில் நடந்து வருவதைக் கண்டால் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். இருவரும் சேர்ந்து நடந்து வருவீர்கள். பின்னால் மாணிக்கம் காரை மெல்ல உருட்டிக்கொண்டு வருவான். கடைத்தெருவில் சிலர் சிரித்தார்கள். பெரியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைவாசலில் எந்தக் கார் நின்றால் என்ன பேசுவார்கள் என்று கவலைப்பட்ட மனிதர்தான் அவர்.

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். இந்த முறை பதுளையிலேயே, சிரமமில்லாமல். அவளைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது எல்லாம் நீங்கள்தான். என்னையும்விட உங்களிடம்தான் அவளுக்கு ஒட்டுதல்.

இரண்டு வருடத்துக்கு முந்திய அந்த மார்கழியில் ஹல்துமுல்லை வீட்டுக்கு வந்திருந்தபோது உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு முட்டியது. மாட்டுவண்டியும் ரயிலும் ஆகாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. கார் வாசலில் நின்றது. நீங்கள் மாட்டேன் என்று தலையசைத்துக்கொண்டே இருந்தீர்கள். பெரியவர் உங்கள் பாயருகே வந்து தரையில் உட்கார்ந்தார்.

“உனக்கு என்ன பயம்? எங்கிட்டச் சொல்லு” என்று கேட்டார்.

நீங்கள் தலையசைப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தீர்கள். பிறகு, “நடுவுல நின்னுடும்” என்றீர்கள்.

“நின்னா நிக்கட்டும். நான் இருக்கேன்ல” என்றார்.

உங்கள் தலை என் மடியில். பெரியவர் சீட்டில் உட்காரவில்லை. சீட்டுக்குக் கீழே காலை மடக்கி உட்கார்ந்து, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அன்று வானம் வெளுத்திருந்தது. மழை பெய்யுதா என்று கேட்டீர்கள். இல்லக்கா என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். கார் அன்று எங்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தீர்கள். பெரியவர் சுடவைத்துத் தந்த வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரு காலையில் போய்விட்டீர்கள்.

உங்கள் மகனையும் என் மகனையும் நீங்கள் கடைசிவரை சுமந்தீர்கள். என் மகனைச் சுமக்க அவசியமே இருக்கவில்லை. இன்னொரு நாள் அங்கேயே கிடந்திருந்தால் நானும் போயிருப்பேன் என்று டாக்டர் சொன்னதை நான் உங்களிடம் அழுத்திச் சொன்னேனா என்பது இப்போது நினைவில்லை. நின்று நின்றாவது, தள்ளப்பட்டாவது, நனையாமல் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அந்தக் கார். புதுக் காராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் பிழைத்தேன் என்பது மட்டும் தெரியும்.

போன மாதம் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு ஹல்துமுல்லைக் கடைக்குக் கூட்டிவந்தார்கள். காரைக் கேட்டார்கள். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்து அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டேன். ஏற்றத்தில் கார் முனகியதும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். “வண்டி நின்னுடுமா அம்மா?” என்று கேட்டாள்.

“நின்னா எறங்கித் தள்ளுவோம். நீ காலை நீட்டிப் படு” என்றேன்.

இரண்டு தரம் நின்றது. தாயும் பிள்ளையும் நலம். பெண்பிள்ளை.

உங்கள் மடியிலிருந்து பிழைத்து எழுந்த
தங்கச்சி